மொட்டைக் கிளையில் ஒரு முட்டை

மரக்கிளை கழிப்பதுதான் எங்கள் வேலை. மச்சினன் கிரேன் தொட்டியில் ஏறி ரம்பம் பிடிப்பான். நான் கீழே நின்று பைனாகுலரில் பார்த்து உத்தரவு போடுவேன். கூடு இருந்தால் அந்தக் கிளையைத் தொடக் கூடாது என்பது விதி. இருபது வருடமாகக் கூடு பார்க்கிற கண் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று கடற்கரைப் பூங்காவில், நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளை. அதில் ஒரு சுள்ளிகூட இல்லை.

"கூடு கீடு ஒண்ணுமில்ல. அறு!" என்றேன்.

பாதி அறுத்திருப்பான். அவன் முகத்துக்கு நேரே வெள்ளையாக ஏதோ பறந்தது. ரம்பம் நின்றது.

"மாமா, முட்டை!"

"எதுலடா?"

"எதுலயும் இல்ல. சும்மா கிளை மேல இருக்கு!"

வெள்ளை ஆலா. கடல் பறவை. கிளையில் சின்னப் பள்ளம் கிடைத்தால் போதும், ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிடும். ஒரு குச்சி பொறுக்குவோம் என்கிற எண்ணமே கிடையாது. நான் ஏறிப் பார்ப்பதற்குள் திரும்பி வந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. பெரிய கருப்புக் கண்ணால் என்னை ஒரு முறை முறைத்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பாதி அறுந்த கிளையை மேல் கிளையோடு பட்டைக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். நடைபாதையில் தடுப்பு வைத்தோம். மேற்பார்வையாளர் அம்மா எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அது மட்டும் பொழைக்கலன்னா, ரெண்டு பேரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க!"

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் மதியச் சாப்பாடு அந்த மரத்துக்கு எதிரேதான். ஒருநாள் குஞ்சு பொரித்தது. பஞ்சு உருண்டைபோல உடம்பு. காலும் நகமும் மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தன. மச்சினன் அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, உடனே போன் போட்டுச் சொன்னான்.

மறுவாரம் பேய்க்காற்று. விடிந்ததும் ஓடினோம். அறுத்த இடம் முறிந்து, கிளை கயிற்றில் செங்குத்தாகத் தொங்கியது. மச்சினன் தொட்டியில் ஏறினான். பைனாகுலரை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்னடா?"

மேலேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், சொல்லித் தொலைடா!"

"புடிச்சிட்டிருக்கு மாமா. நகத்தால புடிச்சுத் தொங்கிட்டிருக்கு. கூடு இருந்திருந்தா கூட்டோட போயிருக்கும்."

அலகில் குறுக்காக இரண்டு மீனோடு தாய்ப்பறவை அவன் தோளை உரசிக்கொண்டு வந்து, அந்தத் தொங்கும் கிளையிலேயே ஊட்டத் தொடங்கியது. நான் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன்.