அமிர்தம் பேரில் விழுந்த கூடைகள்

பூவன் தார்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பெரியண்ணன் அவற்றைக் கவனிக்கவில்லை. மண்டி வாசலில் நின்றபடி, செய்தித்தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தார் சுமக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "அரையிறுதியில் பெ. அமிர்தம் அபார ஆட்டம். தனியொருவராகப் பதினெட்டுப் புள்ளிகள் குவித்தார். இன்னும் சில புள்ளிகள் எடுத்தால் இந்தக் கோப்பைப் போட்டியில் இதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கையை எட்டுவார்." 'பெ'யில் குரல் ஒரு சுற்று கூடுதலாக ஏறியது. அது அவருடைய எழுத்தல்லவா! ஸ்ரீரங்கத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவன் பெயரைத் திருச்சிப் பேப்பர் எதற்காகப் போடப் போகிறது, மகள் பந்து போட்டால்தான் உண்டு.

பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற அமிர்தம் சிரித்துவைத்தாள். உள்ளே ஏதோ இடறியது. பதினெட்டா? ஆடும்போது யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? பந்து கையில் வருகிறது, போகிறது, கூடையில் விழுகிறது, உடனே திரும்பி ஓட வேண்டியிருக்கிறது. ஆனாலும் ராத்திரி சோறு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, இன்றைக்கு எவ்வளவு போட்டோம் என்று உடம்புக்கு ஒரு கணக்கு தெரியும். அந்தக் கணக்கு பத்துக்கு மேல் போகவில்லை.

அது 1963, பொங்கல் கழிந்த வாரம். கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியைத் தெப்பக்குளம் பக்கத்து மைதானத்தில் நடத்தினார்கள். செம்மண்ணை அடித்து இறுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்ட தரை. பின்னால் மலைக்கோட்டை. அன்று மாலை பயிற்சிக்குப் போனபோது உடை மாற்றும் அறையில் பேச்சு சட்டென்று நின்றது. கேப்டன் பிலோமினா கேன்வாஸ் ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்.

"என் தங்கச்சி கேலரியில உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தா. நீ போட்டது அஞ்சு கூடை. பத்து பாயிண்ட். மிச்சம் எட்டு எங்கேர்ந்து வந்துச்சு? காவேரியில மெதந்து வந்துச்சா?"

"எனக்குத் தெரியாது பிலோமினா."

"ஸ்கோர் எழுதுற சார் வீட்டுக்கு எத்தனை தார் போச்சுன்னாவது தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள். சுராயா மட்டும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து தலையில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அணியில் அதிகம் பேசாதவள். பந்து கையில் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள்.

பாலத்தைத் தாண்டி வீடு போகும் வரை அந்தத் தார் அமிர்தத்தின் மனசிலேயே தொங்கியது. பிலோமினா வாய்க்கு வந்ததைச் சொன்னாளா, விஷயம் தெரிந்து சொன்னாளா? அப்பா செய்யக்கூடியவர்தான். அவள் பள்ளியிறுதி எழுதிய வருஷம், தலைமையாசிரியர் வீட்டு வாசலில் பச்சை மாறாத ஒரு ரஸ்தாளித் தாரை இறக்கி வைத்துவிட்டு, "சும்மா, புள்ளைங்க சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவர். அவருக்கு அது லஞ்சமில்லை, மரியாதை. இங்கேயும் அந்த மரியாதை நடந்திருந்தால்? சோற்றுத் தட்டின் முன் அவர் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"அப்பா, இன்னாசிராஜ் சாரை உங்களுக்குத் தெரியுமா? மேட்ச்சுல ஸ்கோர் எழுதுறவரு."

"ஏம்மா?"

"அவருக்கு ஏதாவது குடுத்து விட்டீங்களா?"

பெரியண்ணன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

"பொண்ணு நல்லா ஆடுதுன்னுல்ல நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். ஆளு வச்சு எழுதித்தான் ஒனக்குப் பாயிண்ட் வரணுமா?"

கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். அது கோபமா, தப்பித்துக்கொண்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குடுத்தவன்கூட இப்படித்தானே பேசுவான் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. இன்னாசிராஜ் ஆண்கள் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். வயசு முப்பதுக்குள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வாழைத்தாரை விட்டுவிட்டு எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நேராக யாரும் சொல்லவில்லை. அவள் ஸ்கோர் எழுதும் மேஜைப் பக்கம் போனால் ஒருத்தி இருமுவாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள். இப்போது யோசித்தால், கூடை விழும்போதெல்லாம் அவர் தலையைத் தூக்கித் தன்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. இந்தப் பேச்சு பஸ் ஏறிக் காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் இறங்கிவிட்டால், பந்து மட்டுமில்லை, படிப்பும் அன்றோடு சரி.

இறுதிப் போட்டிக்கு முந்தின மாலை, சுண்ணாம்புக் கோடு போடுவதை மேற்பார்வை பார்த்து நின்ற இன்னாசிராஜிடம் நேராகப் போனாள். நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் நின்றாள்.

"சார், நான் போடாத பாயிண்டை என் பேர்ல ஏன் எழுதுறீங்க?"

அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "மெதுவாப் பேசும்மா. டீம் ஸ்கோர்ல ஒரு பாயிண்ட் கூட நான் மாத்தலை. சத்தியமா."

"என் பேர்ல மாத்தியிருக்கீங்களே."

"என்னைக் கேக்காதம்மா. உங்க டீம்லயே கேளு."

சொல்லும்போது அவர் கண் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பியது. அமிர்தம் திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சுராயா, தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றிருந்தாள்.

அவள் மறைக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி கொட்டிவிட்டாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா காஜா மைதீனுக்குப் பெரிய கடைவீதியில் அத்தர்க் கடை. காலேஜுக்குள் ஆடுவதோடு சரி, வெளியே தெரியக் கூடாது, பேப்பரில் பேர் வந்தால் அன்றோடு காலேஜும் நின்றுபோகும் என்று சொல்லித்தான் அனுப்பினாராம். பத்துப் புள்ளிக்கு மேல் எடுக்கிறவர்கள் பேரைத்தான் பேப்பர்காரர் போடுவார். அதற்குள் தன் கணக்கை நிறுத்திவிட்டு மிச்சத்தை வேறு பேரில் எழுதச் சொல்லி இன்னாசிராஜிடம் அவள்தான் அழுதிருக்கிறாள்.

"அத்தாவே பேப்பரைப் பாத்துட்டு, யாரு இந்த அமிர்தம், நல்லா ஆடுது போலிருக்கேன்னு கேட்டாங்க. ஆமா அத்தா, ரொம்ப நல்லா ஆடுவான்னேன்."

"ஏன் என் பேரு? வேற ஆளு இல்லையா?"

சுராயா கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு அடுத்தபடி ஆடுறது நீதானே. வேற யாரு பேர்ல எழுதினாலும் ஆளுங்க நம்ப மாட்டாங்க."

எனக்கு அடுத்தபடி. மற்ற எல்லாவற்றையும் விட அந்தச் சொல்தான் அமிர்தத்தைச் சுட்டது. நிஜம் என்பதால் சுட்டது. அத்தா கதை முழுக்க நிஜம்தானா என்றுகூட ஒரு கணம் ஓடியது. இரண்டு நாளாக எல்லோரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அந்தப் புத்தி விடாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிலோமினாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் தன் பேர் சுத்தமாகிவிடும். சுராயா ஈரக் கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு ஒரு ஆட்டம்தான், அதோடு முடிந்தது என்றாள். அமிர்தம் கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் ஒரு வழி தோன்றியது. நாளைக்கு அத்தனையையும் நானே போட்டுவிட்டால்? சார் எழுதப்போவதை நான் மெய்யாக்கிவிட்டால்?

இறுதிப் போட்டியன்று பெரியண்ணன் மண்டியைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதுவரை மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. ஆட்டம் தொடங்கியதுமே தன் வழி அடைபட்டிருப்பது அமிர்தத்துக்குத் தெரிந்துவிட்டது. பிலோமினா அவளுக்குப் பந்தே தரவில்லை. கை தூக்கிக்கொண்டு ஆளில்லாத இடத்தில் நின்றாலும் பந்து தலைக்கு மேலே வேறு பக்கம் போயிற்று. சுராயா மட்டும்தான் தந்தாள். தந்த பந்தை அவசரத்தில் எறிந்தாள் அமிர்தம். வளையத்தில் பட்டுத் தெறித்தது, பலகையில் பட்டுத் தெறித்தது, ஒன்று பலகையைக்கூடத் தொடவில்லை. தானாக வரும் கை, வேண்டும் என்று நினைத்தபோது வரவில்லை. இரண்டே இரண்டு கூடைதான் விழுந்தன. ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது சுராயாதான். மூலையிலிருந்தும், இரண்டு பேர் மறித்து நிற்கும்போதும், விழுந்துகொண்டேகூட அவள் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் இன்னாசிராஜ் தலை குனிந்து எழுதினார். ஊதல் ஊதியபோது அவர்கள் அணி ஜெயித்திருந்தது.

வெயில் சாய்ந்து மலைக்கோட்டை நிழலாகிவிட்டது. ஒலிபெருக்கியில் பரிசுகளை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். "போட்டியின் தலைசிறந்த வீராங்கனை. இறுதி ஆட்டத்தில் மட்டும் பதினாறு புள்ளிகள். மொத்தம் அறுபத்தொன்பது. இதுவரை இருந்த ரெக்கார்டை முறியடித்து, பெ. அமிர்தம்!"

மேடைக்கு நாலைந்து படி. பிலோமினா கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் என்று மறுபடி தோன்றியது. ஒலிபெருக்கிக்காரர் பக்கத்திலேயேதான் நின்றார். அமிர்தம் படியேறிப் போய்க் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தைப் பார்த்தாள். பேரைக் கேட்டதும் துள்ளி எழுந்த அப்பா, தட்டிக்கொண்டிருந்த கையை மெல்ல நிறுத்தினார். ஆட்டம் முழுக்க அவர் கண் அவளை விட்டு நகரவில்லை. உதடு லேசாக அசைந்தது, எதையோ கூட்டிப் பார்க்கிறவர் போல. விரிந்த உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நின்றன.

"யா அல்லா" என்று மேடைக்குக் கீழே சுராயாவின் குரல் கேட்டது. "அத்தா."

அவள் பார்த்த திசையில், பின்வரிசை மூங்கில் தடுப்பை ஒட்டி, தொப்பி போட்ட ஒருவர் நின்றார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. கோப்பையை அவர் பார்க்கவேயில்லை. தலைத்துணி அவிழ்ந்து செம்மண் படிந்து நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டு, கூட்டம் ஓய்ந்த பிறகும், நிதானமாகக் கைதட்டிக்கொண்டே இருந்தார்.