பூனையின் குளிசை

பூனை மறுபடியும் வயிற்றை நக்கத் தொடங்கியிருந்தது. செல்வநாயகி திருத்திக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளையின் கொப்பியை மூடிவிட்டுப் பார்த்தாள். அடிவயிறும் தொடைகளின் உட்புறமும் மயிர் உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. மகள் லக்ஷிகா கலியாணம் முடித்து லண்டனுக்குப் போன தை மாதத்திலிருந்து இப்படித்தான். கணவர் தர்மராசாவுக்கும் அன்றிலிருந்துதான் நித்திரையில்லை. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவார். பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் மனக்கலக்கத்துக்குத் தினமும் ஒன்று போடும்படி எழுதிக்கொடுத்த மருந்துத் துண்டை, வாசலைத் தாண்டியதுமே கிழித்துப் போட்டார்.

“எனக்கென்ன விசரே?”

மிருக வைத்தியர் பூனையைப் புரட்டிப் பார்த்தார். தெள்ளுப்பூச்சியுமில்லை, சொறியுமில்லை, மனக்கலக்கம்தான் என்று சொல்லி ஒரு மருந்து எழுதினார். மருந்துக்கடை ஜௌபர் எடுத்து வைத்த அட்டையில் பெயரை அவள் இரண்டு தரம் வாசித்தாள். அமிட்ரிப்டிலின். அவர் கிழித்துப் போட்ட துண்டில் இருந்த அதே குளிசை.

“பூனைக்கு அரைதான் டீச்சர். குணமாக மூணு நாலு கிழமை, ஒரு மாசம் மட்டும் போகும், பொறுமையாக் குடுங்க. திடீரென்டு நிப்பாட்டவும் வேணாம்.”

பின்னேரங்களில் அவள் பூனையைத் துவாயில் சுற்றிப் பிடிப்பாள். தர்மராசா அதன் வாயைத் திறந்து அரைக் குளிசையைப் போடுவார். பூனை நுரை நுரையாய்த் துப்பும்.

“சரியாக் கைக்குது போல, பாவம்.”

“உங்களுக்கு எழுதினதும் இதுதான்,” என்றாள். அவர் துவாயை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான்காம் கிழமை பூனையின் வயிற்றில் மெல்லிய மயிர் அரும்பியிருந்தது. ஆனால் நாற்பது நாளைக்கு வாங்கிய குளிசை அதற்குள் முடிந்துபோயிருந்தது. வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செல்வநாயகி நின்றாள். கொஞ்ச நாளாய் அவர் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சுவதில்லை. இன்று அவள் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டபோதும் அவர் நித்திரையால் எழும்பியிருக்கவில்லை. கோபம் வருமென்று பார்த்தாள், அசதிதான் வந்தது. தை மாதத்திலிருந்து அவளுந்தான் ஒழுங்காய் நித்திரை கொண்டதில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்று, நடந்ததைச் சொல்லி, கணவருக்குப் புதுத் துண்டு எழுதுவித்தாள். பின்னேரம் சாஸரில் அரைக் குளிசை ஒன்றும் முழுக் குளிசை ஒன்றும் வைத்தாள்.

தர்மராசா சாஸரைப் பார்த்தார்.

“பூனைக்குக் கூட்டிப் போட்டினமோ?”

“அரைதான் பூனைக்கு,” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

மலையிலிருந்து மழைமுகில் இறங்கிக்கொண்டிருந்தது. கொடியில் எதுவும் காய்ந்திருக்கவில்லை. ஈரச் சேலையை எடுத்து மடித்தாள். உள்ளே குவளையில் தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல், மடித்த சேலையை விரித்து மறுபடி கொடியில் போட்டாள்.