கயிறு கட்டிய புத்தக வண்டி

காலையில் அருங்காட்சியகக் கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய புத்தக வண்டியைச் சுற்றி நான்கு பித்தளைக் கம்பங்கள். இடையே தடித்த சிவப்புக் கயிறு. வண்டியின் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது: 4417.

எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் காப்பாளர்.

“என்ன அத்தான் இது?”

“வீட்டுலதான் அத்தான். இங்க சார்.”

அவளுடைய அக்காவைக் கட்டியவர்தான். இருபத்திரண்டு வருடங்களாக அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களை அதட்டியே பழகியவர். முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் அவரைத் ‘தொடாதே’ என்றுதான் சொல்வார்கள். அவர் ராஜ்ஜியத்துக்குள் அவள் தள்ளிக்கொண்டு வந்த வண்டியோ, ‘எடுங்கள், பெஞ்சில் உட்கார்ந்து படியுங்கள், போகும்போது வைத்துவிடுங்கள்’ என்று எழுதி ஒட்டிய வண்டி. நூற்று நாற்பது புத்தகங்கள். பிடிக்குமா அவருக்கு?

“ராத்திரி கூடத்துல இருக்கிற எந்தப் பொருளுக்கும் நம்பர் இருக்கணும். இது விதி. உன் வண்டிக்கு இல்ல. நேத்து சாயங்காலம் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டேன். நம்பர் போட்ட பொருளை யாரும் தொடக் கூடாது.”

“ஒரு மாசமா இங்கதானே நிக்குது? கடைசி நாள் பார்த்துதான் விதி ஞாபகம் வந்துச்சா?”

“இப்பவாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படு.”

இன்று கடைசி நாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதச் சோதனை. நான்கு மணிக்கு இயக்குநர் அம்மா வருவார். இன்றைக்கு முப்பது பேராவது படித்திருந்தால் வண்டி நிரந்தரம், அவள் வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் வண்டியும் வெளியே, அவளும் வெளியே.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். ஒரு பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எந்தக் காலத்து வண்டிம்மா?” என்று கேட்டார்.

“போன மாசத்துது சார். எடுத்துப் படிக்கலாம்.”

“எதுக்கு வம்பு” என்று நகர்ந்துவிட்டார். ஒரு தாய் தன் மகளின் கையைப் பட்டென்று தட்டினாள். “தொடாதடி, மணி அடிக்கும்!”

காப்பாளர் சிரித்தார். மத்தியானம் ஒரு நடை வந்து, “எத்தனை பேரு?” என்றார்.

“உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு? நீங்களே எண்ணிக்குங்க.”

“நாளைக்கு வீட்டுல சும்மாதானே இருப்ப? உங்க அக்காவுக்கு ஒத்தாசையா இரு.”

நான்கு மணிக்கு இயக்குநர் அம்மா வந்தார். கயிற்றைப் பார்த்தார். படித்தவர்களின் பெயரை அவள் எழுதிவைக்கும் நோட்டில் இன்றைய பக்கத்தைப் பார்த்தார். ஒரு பெயர்கூட இல்லை.

“மேடம், இவர்தான் கயிறு கட்டி...”

“உங்க குடும்பச் சண்டை எனக்கு வேண்டாம். முப்பதுன்னு சொன்னேன், ஒண்ணுகூட இல்ல. வண்டியை வெளியே அனுப்பிடுங்க.”

காப்பாளர் ஒரே தாவலில் கயிற்றை அவிழ்த்தார். தானே வண்டியைத் தள்ளினார். சக்கரங்கள் கிறீச்சிட்டன. இயக்குநரும் அவளும் பின்னாலேயே நடந்தார்கள்.

வாசலில் காவல்காரர் ‘மீசை’ குறுக்கே கையை நீட்டினார்.

“நில்லுங்க சார். நம்பர் தொங்குது.”

“அதனால?”

“நம்பர் போட்ட பொருள் வாசலைத் தாண்டணும்னா கமிட்டி ஏழு பேர் கையெழுத்து வேணும். போன வருஷம் கால் உடஞ்ச முக்காலியைக் குப்பையில போட்டேன்னு என்னைப் பத்து நாள் சஸ்பெண்ட் பண்ண வெச்சீங்களே, மறந்துபோச்சா? அந்த முக்காலி இன்னும் உள்ளதான் கெடக்கு.”

“யோவ், நான்தானே நம்பர் போட்டேன்! அடிச்சுட்டாப் போச்சு.”

“ரிஜிஸ்டர்ல ஏறினதை அடிக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டதும் நீங்கதான். எங்க ரூம்ல ஒட்டியிருக்கு, எடுத்துட்டு வரவா?”

இயக்குநர் அம்மாவின் முகம் சிவந்தது. “கமிட்டி எப்பக் கூடும்?”

மீசை சொன்னார்: “அஞ்சு வருஷமாக் கூடல மேடம். ரெண்டு பேரு உசுரோடவே இல்ல.”

அவளுக்குள் ஏதோ பொறி தட்டியது. “மேடம், ரிஜிஸ்டரைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

கொண்டுவந்தார்கள். கடைசி வரி, காப்பாளரின் கையெழுத்து: ‘4417. தள்ளுவண்டி, மரம், நான்கு சக்கரம்.’ அவ்வளவுதான். நூற்று நாற்பது புத்தகங்களையும் எழுத அவருக்குச் சோம்பல்.

“வண்டியைத்தானே தொடக் கூடாது? புத்தகத்துக்கு நம்பரே இல்லையே. நான் எடுத்துக் கையில குடுத்தா எந்த விதி தடுக்கும்?”

இயக்குநர் அம்மா காப்பாளரை ஒரு பார்வை பார்த்தார். “கமிட்டி கூடுற வரைக்கும் வண்டி உள்ளேயே இருக்கட்டும். அதைப் பார்த்துக்க ஆள் வேணும். நீயே இரும்மா. இனிமே இந்த வண்டிப் பக்கம் கயித்தைப் பார்த்தேன்னா, உங்களுக்குத்தான் சார் நம்பர் போடுவேன்.”

அவர் போன பிறகு காப்பாளர் பல்லைக் கடித்தார். “ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வந்துடாத.”

“வருவேன். அது எங்க அக்கா வீடு.”

கைப்பிடியைப் பிடிக்கப் போனார். “தொடாதீங்க சார்” என்றாள். கை பின்வாங்கியது.

மணி ஐந்தாக இருபது நிமிடம் இருந்தது. காலையில் வந்த பெரியவர் வெளியே போகக் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார், கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால். அவள் ஒரு புத்தகத்தை உருவி, சுற்றிப் போய் அந்தக் கைகளிலேயே வைத்தாள்.