வால்ரஸ் கொம்பில் ஒரு குருவி

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கிறிஸ்ரோபரின் வீட்டுக்குள் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு கண்ணாடி அலுமாரி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகளின் கலியாணப் படம் தொங்கும். இங்கே பஞ்சு விரித்த தட்டுகளில் ஒரு சீப்பு, ஒரு கத்திப்பிடி, ஊசி போட்டு வைக்கும் குழல், இரண்டு மோதிரம், பெருவிரல் அளவில் ஒரு கரடி. எல்லாமே வால்ரஸ் என்ற பனிக்கடல் விலங்கின் கொம்புப் பல்லிலோ எலும்பிலோ செதுக்கியவை. நூற்றாண்டுக் கணக்காய் உறைந்த மண்ணுக்குள் கிடந்து, வெள்ளை நிறம் போய்ப் பனங்கட்டி நிறத்துக்கு வந்தவை.

நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் கிறிஸ்ரோபர் இருபது வருசத்துக்கு மேல் மீன் வெட்டினார். கூட இருந்தவர்கள் ஊரில் காணி வாங்க, இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகளைக் கிண்டிக்கொண்டு திரிந்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது மனைவி மேர்சி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உவர் எலும்புக்கடை போடப் போறார் என்று தமக்கைக்குச் சொல்லிச் சிரித்தாள். அவருக்கு அது உறைக்கவில்லை. வெக்கையில் வெடித்துவிடும் என்று அலுமாரிக்குள் ஒரு கோப்பை தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய துணியால் துடைத்து, வருகிறவர்களுக்குத் தொடாமல் காட்டினார்.

ஆனால் அவர் ஆசைப்பட்டது அந்த அலுமாரிக்குள் இல்லை. அது ஓலாவிடம் இருந்தது.

ஓலாவ் அதே தொழிற்சாலையில், அதே மேசையில், எதிர்ப்பக்கம் நின்று மீன் வெட்டிய நோர்வேக்காரன். அவனுடைய பாட்டன் கிறீன்லாந்துக் கடலில் கப்பலோடியவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது வால்ரஸ் கொம்பில் செதுக்கிய ஒரு நீந்தும் குருவி. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. கழுத்தை முன்னால் நீட்டி, சிறகை ஒடுக்கி, தண்ணீரில் வழுக்கிப் போகிற மாதிரி இருக்கும். வாலில் நூல் கோக்க ஒரு துளை. கண் என்று ஒரு புள்ளிகூட இல்லை, ஆனாலும் அது பார்க்கும். கிறிஸ்ரோபர் அதை விலைக்குக் கேட்டார், மாற்றாகத் தருவதற்குத் தன்னிடம் இருந்த நல்ல பொருள்களைக் காட்டினார், குடித்த நேரத்தில் கெஞ்சியும் பார்த்தார். ஓலாவ் சிரித்துக்கொண்டு தோளில் தட்டுவான். அவ்வளவுதான்.

போன வருசம் தையில் ஓலாவ் யாழ்ப்பாணம் பார்க்க வந்து கிறிஸ்ரோபர் வீட்டு மேல்மாடியில் தங்கினான். வந்த அன்றே சட்டைக்குள்ளிருந்து குருவி கிடந்த ஒரு தோல் பையை எடுத்துக் காட்டிவிட்டு, போகும்போது இதற்கு ஒரு வேலை இருக்கிறது என்றான். கிறிஸ்ரோபருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் நடுவில் இருந்த கரடியை ஓரத்துக்கு நகர்த்தி இடம் விட்டார்.

அடுத்த கிழமை ஓலாவுக்கு டெங்கு வந்தது. மேர்சிக்கு முழங்கால் வருத்தம், படியேற முடியாது. கிறிஸ்ரோபரின் தம்பி ஜெரிசனின் மனைவி மார்கிரட்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள், வாந்தியைத் துடைத்தாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. அவள் தமிழில் ஏச, அவன் நோர்வேமொழியில் மன்னிப்புக் கேட்பான்.

புறப்படுகிற காலையில் விமானநிலையத்துக்குப் போகும் வான் வாசலில் நிற்க, ஓலாவ் அந்தத் தோல் பையை எடுத்தான். கிறிஸ்ரோபர் தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டார். ஓலாவ் அந்தக் கையைத் தாண்டிப் போய், கறுப்பு நூலில் கோத்த குருவியை மார்கிரட்டின் கழுத்தில் போட்டான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கிறிஸ்ரோபர் வானின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. மார்கிரட் அதை ஒருநாளும் கழற்றவில்லை. தாலியில் ஒரு புறா, பக்கத்தில் உந்தக் குருவி, இரண்டும் கதைச்சுக்கொண்டு கிடக்கட்டும் என்று சிரித்தாள். மீன் சந்தைக்கும் அதோடுதான் போனாள். ஒருநாள் குருவியின் முதுகில் ஒரு பாரைச் செதில் ஒட்டிக் கிடந்ததைக் கண்டபோது கிறிஸ்ரோபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவில் படுத்தால் அவளுடைய வியர்வை அதில் ஊறுவதாக நினைப்பு வரும். தொட்டுத் துடைத்து வைத்த தன் சாமான்கள் எல்லாம் அவருக்கு அலுத்துப் போயின. அலுமாரியைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார்.

தன்னிடம் தந்தால் பத்திரமாக வைப்பேன், இந்த உப்புக்காற்றுக்கு அது வெடித்துவிடும் என்று சொல்லிப் பார்த்தார். கழுத்துக்குச் செய்ததை அலுமாரிக்குள் பூட்டுவது பாவம் அத்தார் என்றாள் அவள், குத்தலில்லாமல். அது அவருக்கு இன்னும் எரிந்தது. உதின் அருமை உவளுக்கு என்ன தெரியும் என்று மேர்சியிடம் புறுபுறுத்தார்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது அவர் மார்கிரட்டைத் தனியாகக் கூப்பிட்டார். சொல்ல நினைத்ததைப் பல நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பிள்ளை, உதை நான் முந்தியே சொல்லியிருக்க வேணும். உது பிணக்குழி தோண்டி எடுத்தது. செத்த ஒரு பிள்ளையின்ரை கழுத்திலை கிடந்ததாம்."

மார்கிரட்டின் கை குருவிக்குப் போய் அப்படியே நின்றது. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் அவளுடைய கழுத்தில் தாலி மட்டும் இருந்தது. கிறிஸ்ரோபர் மேல்தட்டில் புதுப் பஞ்சு விரித்தார். எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் கடைசியில் தன்னிடம்தான் வருவாள் என்பது அவருடைய கணக்கு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்த்தார். அவள் வந்தாள், மேர்சிக்குக் கணவாய்க் கறி தந்தாள், போனாள். குருவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தானாகக் கேட்டால் வேசம் கலைந்துவிடும் என்று அவரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் இரண்டு குடும்பமும் கிறிஸ்ரோபர் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஓலாவ் வீடியோவில் அழைத்தான். மேர்சி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்தாள். வாழ்த்தெல்லாம் சொல்லி முடிய, குருவி எங்கே, கழுத்தில் காணவில்லையே என்று ஓலாவ் கேட்டான். மொழிபெயர்க்க வேண்டியவர் கிறிஸ்ரோபர். கேள்வியை அவளிடம் சொன்னார்.

மார்கிரட் கையைக் கழுவிவிட்டு வந்து போனுக்கு முன்னால் இருந்தாள்.

"சேமக்காலையிலை என்ரை பிள்ளையின்ரை குழிக்குள்ளை வைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ அத்தார். செத்த பிள்ளையின்ரை சாமான் எண்டு தெரியாமல் போட்டிட்டன். அதின்ரை தாய் ஆசையாய்ச் செய்து போட்டிருப்பாள். என்ரை பிள்ளைக்கு நான் ஒண்டும் போடேல்லை."

அவளுடைய ஒரே பிள்ளை, பிறந்தும் அழாத பெண்பிள்ளை, கல்லறைத் தோட்டத்து மதில் ஓரத்தில் கிடந்தது. பெயர்கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

கிறிஸ்ரோபர் தட்டுத்தடுமாறி அதை நோர்வேமொழியில் சொன்னார். ஓலாவின் முகம் குழம்பியது. செத்த பிள்ளையின் சாமான் என்று யார் சொன்னது, பாட்டன் அதை ஒரு இடிந்த வீட்டின் தரையில், அடுப்பங்கரையில் அல்லவா எடுத்தார், யாரோ ஒரு பெண் தைக்கும்போது தவறவிட்டிருப்பாள், இதை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்றான்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று மார்கிரட் கேட்டாள்.

நல்லது என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அந்த மேசையில் வேறு ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் பிணக்குழி இல்லை என்று தெரிந்தால் அவள் அதைத் திரும்பத் தோண்டி எடுப்பாள், குருவி மண்ணுக்கு மேலே வரும், பிறகு எப்படியும் ஒரு வழி பிறக்கும் என்று அவருடைய மனம் ஒரு நொடிக்குள் ஓடி முடித்துவிட்டது. அவர் உள்ளபடியே சொன்னார்.

மேர்சி கரண்டியைக் கீழே வைத்தாள். மார்கிரட் அவரை நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சோ எனக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"எனக்கு வேணும் எண்டுதான்."

ஜெரிசன் எழும்பினான். மார்கிரட் அவனுடைய கையைப் பிடித்து இருத்தினாள். போனில் ஓலாவ் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்கு உதொண்டும் சொல்லாதேங்கோ" என்றாள் அவள். "பிள்ளைக்குக் குடுத்திட்டன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கிறிஸ்ரோபர் சொன்னார். ஓலாவ் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்து, அவள் கொடுத்த இடம் சரி என்றான்.

அன்று பின்னேரமே குருவியைத் தோண்டி எடுக்க ஜெரிசன் மண்வெட்டியோடு புறப்பட்டான். பிள்ளைக்குப் போட்டதைக் கழற்ற விடமாட்டேன் என்று மார்கிரட் மறித்துவிட்டாள். அதற்குப் பிறகு தமையனும் தம்பியும் கதைப்பதில்லை. மார்கிரட் தெருவில் கண்டால் அத்தார் என்று கூப்பிட்டு ஒரு சொல் சுகம் கேட்பாள். வீட்டுப் படி மிதிப்பதில்லை. மேர்சி முழங்கால் நோவோடு தானே நடந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கிறிஸ்ரோபர் இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சேமக்காலைக்குப் போகிறார். மதில் ஓரத்துச் சின்னச் சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, புல்லைப் பிடுங்கி, மண்ணைக் கையால் தடவிச் சமப்படுத்துகிறார். தம்பியோடு கதை இல்லாவிட்டாலும் தம்பியின் பிள்ளையை மறக்காத மனுசன் என்று சனம் சொல்லுகிறது. சுவாமிகூட ஒருநாள் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார்.

மண் ஒரு முழம்தான் ஆழம். அவருடைய விரல்களுக்கு அது தெரியும். தோண்டவில்லை, தோண்டமாட்டார். ஆனால் அங்கே நிற்கும்போது அவருக்கு வருவது செபமில்லை. கண் திறந்து எதையும் பார்க்காத ஒரு பிள்ளை, தான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காததைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கிடக்கிறது என்ற எரிவுதான். மெழுகுதிரி அணையும்வரை நின்றுவிட்டு, கைமண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.