நான்காம் வேற்றுமை

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சிராங்கூன் சாலை எவ்வாறு இருக்கும் என்பதைச் சிங்கப்பூரில் சில நாளேனும் வாழ்ந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வாழாத நண்பர்க்காகச் சொல்கிறேன். ஜூரோங்கின் கப்பற்பட்டறைகளில் ஆறு நாள் உழைத்துக் களைத்து, ஏழாம் நாள் தலைவாரி, மடிப்புக் கலையாத சட்டை அணிந்து வந்திறங்கும் இளைஞர், தேக்காச் சந்தை தொடங்கி நடைபாதை நெடுகிலும் நின்றும் அமர்ந்தும் ஊர்க்கதை பேச, பூக்கடை ஈரமும் வறுத்த மல்லியின் மணமும் அவர்தம் பேச்சொலியோடு கலந்து எழும். இவ்விடத்தையும் இதைச் சூழ்ந்த நகர்நடுப் பகுதியையும் காக்கும் பொறுப்பு ஜைனப் என்னும் அம்மையார் கையில் இருந்தது.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகக் குடியில், புக்கிட் மேராவின் அடுக்குமாடி வீடொன்றில் பிறந்து, பத்தொன்பதாம் அகவையில் காவற்படையில் சேர்ந்து, இதே சாலையில் கால் கடுக்கச் சுற்றி, தேர்வுகள் பல எழுதி, படிப்படியாக உயர்ந்து தலைமை எய்தியவர் அவர். நேர்மையில் குறை சொல்ல ஆளில்லை. குறை என்று ஒன்றைச் சொல்வதானால், தம் தமிழின்மேல் அவர்க்கிருந்த பெருமையைச் சொல்லலாம். பட்டிமன்றங்களுக்கு நடுவராகச் செல்வார். காவல் நிலையத்திலும் பிறமொழி கலவாமல் பேசுவார். தமிழில் வாக்குமூலம் என்றால், மொழிபெயர்ப்பாளர் இருக்கவும் தாமே சென்று அமர்ந்துவிடுவார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆகவே அவரைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஓய்வுபெற இரு வாரமே எஞ்சியிருந்த ஒரு ஞாயிறு மாலை, கடைகளின் பின்புறச் சந்தில், படிக்கட்டின் அடியில், நிதீஷ் என்னும் கப்பற்பட்டறைத் தொழிலாளி மண்டை உடைந்து நினைவிழந்து கிடந்தான். அருகில் நின்று கத்திக்கொண்டிருந்தவன் அவன் அறைத்தோழன் குமரன்; கைகளிலும் சட்டையிலும் குருதி. நிதீஷை மருத்துவமனைக்கும் குமரனைக் காவல் நிலையத்துக்கும் கொண்டு சென்றனர். ஆய்வாளர் ராஜீவ் உடனிருக்க, அம்மையாரே கேள்வி கேட்டார்.

"நிகழ்ந்தவற்றை ஒளிவின்றிக் கூறுங்கள்."

குமரன் திருதிருவென விழித்தான். "அவனுக்கு ரெண்டு தடவ அடிச்சேன், மேடம். அப்புறம் பாத்தா ரத்தமா கெடக்கான்."

'நான் அவனை இருமுறை தாக்கினேன்' என்று அம்மையார் ஆங்கிலத்தில் எழுதினார். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத குமரன், காட்டிய இடத்தில் ஒப்பமிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுவதென்று முடிவாயிற்று. சிறை, அதன்பின் நாடு கடத்தல், ஊரில் தலைகுனிவு. அவன் வாழ்வு அந்த ஒரு வரியில் தொங்கியது.

மறுநாள் காலை ஏழரை மணி. அம்மையாரின் கணவர் ஜமால் முகம்மது, துணிக்கடை நடத்துபவர், பசியாறியவாறே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நேத்து ஒனக்கு நாலு தடவ அடிச்சேன்லா, ஜைனப். எடுக்கவே மாட்டேங்கிற."

அம்மையாரின் கையிலிருந்த தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது. இந்த மனிதர் முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் அடித்து வருகிறார். ஒரு கீறலும் விழுந்ததில்லை. 'அவனை' என்றிருந்தால் அது இரண்டாம் வேற்றுமை, அடிபட்டவன் ஆவான். குமரன் சொன்னதோ 'அவனுக்கு'. நான்காம் வேற்றுமை, தொலைபேசி அழைப்புக்கு உரியவன். பள்ளிப் பிள்ளையும் அறியும் இலக்கணம், சீருடை அணிந்து அமர்ந்தபோது அவர் செவிக்கு எட்டாமற் போயிற்று. "யா அல்லாஹ்" என்றவர், குவளையை வைத்துவிட்டு ஓடினார்.

குமரனிடமிருந்து கைப்பற்றிய கைப்பேசியைத் திறந்து பார்த்தார்கள்: மூன்று மணி நாற்பது நிமிடத்திலும் நாற்பத்து நான்கிலும் நிதீஷுக்கு இரண்டு அழைப்புகள். வாக்குமூலம்தான் கிடைத்துவிட்டதே என்று எவரும் பாராதிருந்த, கடையொன்றின் கண்காணிப்புப் படக்கருவியின் பதிவைப் பார்த்தார்கள்: குமரன் செவியில் கைப்பேசியுடன் சாலையோரம் நிற்கிறான், சந்துக்குள் ஓடுகிறான், நுழைந்த வேகத்தில், நிதீஷைத் தூக்கப் பார்த்த குருதிக் கையோடு, ஆள் உதவிக்குக் கத்தியபடி வெளியே வந்து மீண்டும் உள்ளே ஓடுகிறான். படியில் கால் வழுக்கி விழுந்ததாக நிதீஷ் கண்விழித்துச் சொன்னது அதற்கும் மறுநாள்தான்.

"எனக்கு நேத்தே ஒரு மாதிரி இருந்துச்சு மேடம்," என்றார் ராஜீவ், தரையைப் பார்த்தவாறு. "ஆனா தமிழ்ல நீங்க ஒண்ணு சொன்னா யாரு எதுத்துக் கேப்பா?"

அந்தச் சொல் அம்மையாரை நன்றாகச் சுட்டது. ராஜீவ் குரலைத் தாழ்த்தினார்: "கேஸ் நிக்காதுன்னு மட்டும் எழுதி முடிச்சிரலாம், மேடம். மொழிபெயர்ப்பு பத்திப் பேச வேணாம். ஒங்க ஃபேர்வெல் நேரத்துல எதுக்கு?"

"வேணாம், ராஜீவ். நான்தான் தப்பா எழுதினேன்னு அப்படியே போடுங்க. என் பேரோட போடுங்க."

அம்மையார் காவல் நிலையத்துக்குள் பேச்சுத் தமிழில் பேசியதை ராஜீவ் கேட்டது அன்றுதான் முதன்முறை. ஒன்பதரை மணிக்கு நீதிமன்றத்துக்குச் செய்தி போயிற்று, குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

இரவு முழுதும் உறங்காத குமரன் அம்மையாரைக் கண்டதும் பதறி எழுந்தான். "தாங்கள் பொறுத்தருள..." என்று தொடங்கிய அம்மையார், அவன் மீண்டும் விழிப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"தப்பு என்னுது, தம்பி. நீங்க சொன்னத நான் சரியா கேக்கல. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

குமரன் அழுதான். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "என் போன் குடுப்பீங்களா, மேடம்? அம்மாவுக்கு ஒரு தடவ அடிக்கணும்."

அங்கிருந்த எவரும் அதற்குப் பொருள் கேட்கவில்லை. அம்மையார் கைப்பேசியை இரு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.

"அடிங்க, தம்பி" என்றார்.

ஓய்வுபெற்ற நாளில் அவர் ஆற்றிய செந்தமிழ் உரையைப் பலரும் புகழ்ந்தனர், நானும் கைதட்டினேன். ஆயினும், நண்பரே, முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் பேசிய தமிழ் அனைத்திலும் அந்த இரு சொற்களே எனக்குத் தூயனவாகத் தோன்றுகின்றன.