மூன்றாவது சிலிண்டர்

தென்காசியில், சிற்றாற்றுக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் தெருவில் மஞ்சுவின் வீடு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். கணவர் குற்றாலீஸ்வரன் சிவகிரி காவல் நிலையத்தில் ஏட்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மஞ்சுவுடையது. செங்கோட்டையில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோது, பலா மரத்தடியில் சருகு மூடிக் கிடந்ததைப் பார்த்து விலை பேசி வந்தாள். அப்போது அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது. வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற இஞ்சினை ஒரு தடவையாவது கையால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் தொடங்கினாள்.

பிரித்த பிறகு விட முடியவில்லை. அந்தக் காரின் முன்மூடி மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அவளை அங்கேதான் பார்க்க முடியும். துருவேறிய தரைத்தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தாள். வெல்டிங் தானே பழகினாள். இரண்டு புடவைகளில் பொத்தல் விழுந்தது. நாலைந்து வருஷத்தில் இஞ்சின் ஓடியது, வெளிர்பச்சை பெயிண்டும் அடித்தாயிற்று. இடையில் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். தை பிறந்ததும் ரோட்டுக்கு எடுக்கலாம் என்றிருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் அந்த மழை வந்தது. குற்றால மலையில் கொட்டிய தண்ணீரெல்லாம் சிற்றாற்றில் இறங்கி, கரை மீறித் தெருவுக்குள் வந்தது. குற்றாலீஸ்வரன் வெள்ளப் பணிக்குப் போயிருந்தார். மஞ்சு பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளின் மாடிக்கு ஏறிக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் வடிந்து திரும்பினால், வீட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்குச் சேறு. அரிசி மூட்டை ஊறிக் கிடந்தது. தாழ்வான கொட்டகையில் கார் முழுகிப்போய் எழுந்து நின்றது.

அவள் வீட்டைத் தாண்டி நேரே கொட்டகைக்குத்தான் போனாள். காருக்கு அடியில் படுத்து ஆயில் அடைப்பைக் கழற்றினாள். முதலில் கலங்கல் தண்ணீர் ஊற்றியது. அப்புறம் பால் காப்பி நிறத்தில் ஆயில் வந்தது. அடுத்து பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் டீசல் ஊற்றி, இஞ்சினைக் கையால் சுற்றிவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும். அது அவளுக்குத் தெரியும்.

அப்போது குற்றாலீஸ்வரனின் போன் வந்தது. முப்பிடாதியம்மாள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"வீட்ல சேறு கெடக்குதாம். நீ காருக்கடியில படுத்துக் கெடக்கியாம். ஊரே சிரிக்குது, மஞ்சு."

மஞ்சு போனை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சேறு அள்ளி, கழுவி, நனைந்ததைக் காயப்போட்டு முடிக்க அந்த வாரம் போய்விட்டது. இடையில் கொட்டகைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபம்தான்.

வாரம் கழிந்து, இஞ்சினைச் சுற்றிவிடப் பெரிய ஸ்பானரை மாட்டி இழுத்தபோது இஞ்சின் அசையவில்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்றாவது சிலிண்டரின் சுவரில் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. அந்த ஒரு பிஸ்டன்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து நிறைய ஊற்றினாள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊற்றினாள். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி இழுத்துப் பார்த்தாள். மார்கழி முழுக்க இதே வேலை. பழைய சாமான் கடை வைத்திருக்கும் நாசர் ஒரு நாள் வந்து பார்த்தார். இஞ்சின் போய்விட்டதாகவும், பாடியை மட்டும் நல்ல விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். இழுத்து இழுத்து உடைத்தால் உள்ளே மிச்சமிருக்கிற சாமானும் தேறாது என்றார்.

"விக்கிறதுக்கு இல்ல பாய்," என்றாள் மஞ்சு. "இந்த வண்டிக்குப் பிஸ்டன் ரிங் கெடைச்சா எடுத்து வைங்க. அது போதும்."

குற்றாலீஸ்வரன் இதையெல்லாம் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தான் போன் பண்ணாமல் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. மஞ்சு ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் பணி முடிந்து வந்தவர் யூனிபாரத்தை மாற்றிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார். "நான் என்ன செய்யணும், சொல்லு," என்றார்.

மஞ்சு கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். பிறகு யோசனையைச் சொன்னாள். டாப் கியரில் போட்டால் சக்கரம் உருளும்போது இஞ்சினும் சுற்றப் பார்க்கும்; அப்படியே காரை முன்னும் பின்னும் தள்ளி ஆட்ட வேண்டும். ஸ்பானரால் முடியாததைக் காரின் எடை செய்யும். வேகமாகத் தள்ளினால் உள்ளே ஏதாவது ஒடியும். தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினால் போதும்.

அவர் பின்னாலும் அவள் முன்னாலுமாக ஆட்டினார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மூன்றாம் நாளும் வந்தார். பொழுது சாயும் நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மஞ்சு கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஒடிஞ்சிட்டா?" என்று கேட்டார் அவர். குரல் இறங்கியிருந்தது.

அவள் ஸ்பானரை மாட்டி மெல்ல இழுத்தாள். இஞ்சின் கரகரவென்று கொஞ்சம் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. மஞ்சு அதை நிறுத்தாமல் முழுச்சுற்று சுற்றினாள். இன்னொரு தடவையும் சுற்றினாள்.

"வருதுங்க," என்றாள்.

மாசியில் காரைக் கிளப்பி ஐந்தருவி வரைக்கும் போனார்கள். சீசன் இல்லாததால் ரோடு காலியாக இருந்தது. ஏற்றத்தில் இஞ்சின் திணறியது, பின்னால் நீலப்புகை வந்தது. குற்றாலீஸ்வரன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஓடுகிற வரைக்கும் இப்படியே ஓட்டலாமே என்றார்.

மஞ்சுவுக்கு அதில் சம்மதமில்லை. "துரு அரிச்ச எடத்துல ஆயில் எரியுது. லீவு விட்டதும் இஞ்சினை எறக்கணும்," என்றாள். "எறக்கி, சிலிண்டரை லேத்துல குடுத்துக் கடைஞ்சு, புது ரிங் போடணும்."

"மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதான்."

அதற்கு முன்னால் அவள் இன்னொரு வேலை செய்தாள். கொத்தனாரை வரவழைத்துக் கொட்டகைத் தரையை இடுப்பளவுக்கு உயர்த்தி, தகரக் கூரையையும் ஏற்றி, கார் ஏறச் சரிவும் வைத்தாள். சித்திரையில் இஞ்சினை இறக்கினார்கள். கப்பிச் சங்கிலியைக் குற்றாலீஸ்வரன் இழுக்க, தொங்கிய இஞ்சினை அவள் கையால் பிடித்துத் திருப்பினாள். கடைந்து வந்த சிலிண்டரில் நாசர் தேடிக் கொடுத்த ரிங்குகளை மாட்டினாள்.

ஆனியில் சாரல் தொடங்கிய வாரம், ஐந்தருவி ஏற்றத்தில் காரை மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை கூட்டம். குளிக்க வந்தவர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். ஏற்றத்தின் நடுவில் ஒரு வேன் குறுக்கே வந்ததால் காரை நிறுத்த வேண்டியிருந்தது. மஞ்சு கியரை மாற்றி ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கார் நின்ற இடத்திலிருந்தே நிதானமாக மேலே ஏறியது. குற்றாலீஸ்வரன் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார்.

"பொகை இல்ல," என்றார். மழையில் நனைந்த முகத்தைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.