நான்கு கம்பிகளின் இடைவெளி

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் சம்மட்டி அடித்த பாவாடைக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அரியலூரில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்துக்குத் தற்காலிக ஆளாக வந்து இரண்டு மாதம். யாரை நிரந்தரமாக்கலாம் என்று பேராசிரியை ஜெயலட்சுமி திங்கட்கிழமை எழுதித் தர வேண்டும். பேர் விட்டுப்போனால் மறுபடி அந்தப் புழுதிதான்.

வெள்ளிக்கிழமை அவர் வகுப்பில் காட்ட ஒரு மாதிரி உரு செய்யச் சொன்னார்.

“கண்ணுக்குத் தெரியாத துகள், பாவாடை. ஒரு திக்குலேருந்து அளந்தா அதோட நெலமை கொஞ்சந்தான் புரியும். ஒரே மாதிரி துகளை நெறைய எடுத்து நாலு திக்குல அளந்தா முழுசும் தெரிஞ்சுடும். நாலுல எந்த ரெண்டை எடுத்தாலும் இடைவெளி ஒண்ணா இருக்கணும். எந்தத் திக்குக்கும் சலுகை கிடையாது.”

“நாலு திக்குதானேங்க. இந்தா செஞ்சுடுறேன்.”

சைக்கிள் கம்பி நான்கை ஒரே அளவாக வெட்டி, களிமண் உருண்டையில் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று குத்தினான். சுரங்கத்தில் எல்லைக்கு முளை அடித்த கை, கோணல் கிடையாது.

அவர் ஒரு நூலைக் கிழக்கு நுனிக்கும் வடக்கு நுனிக்கும் பிடித்து வெட்டினார். அதே நூல் கிழக்கிலிருந்து மேற்குக்கு எட்டவில்லை.

“பக்கத்து வூட்டுக்காரன் கிட்டக்க இருக்கான். எதுத்த வூட்டுக்காரன் தூரமாப் போயிட்டானே.”

சனிக்கிழமை முழுக்கத் தரையில் வைத்து மாற்றி மாற்றிக் குத்தினான். ஒன்றும் படியவில்லை.

“மண்ணுருண்டையில கம்பி குத்தத்தான் காலேஜில சம்பளமா?” என்றாள் மனைவி இருசம்மாள்.

“கல்லே தேவலாம்டி.”

மறுநாள் ஏரிக்கரைக்குக் களிமண் எடுக்கப் போனவன் காலில் நெருஞ்சி ஏறியது. பிடுங்கி எறிந்தான். விழுந்த இடத்திலும் ஒரு முள் மேலே பார்த்தது. எடுத்து மறுபடி எறிந்தான். அப்போதும் அப்படியே. அங்கேயே குந்திவிட்டான். எல்லைக்கல் நடுகிற பழக்கத்தில் நான்கையும் தரையோடு படுக்க வைத்திருக்கிறோம். படுக்கச் சொல்லி யார் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் உருண்டையில் ஒரு கம்பியை நெட்டுக்குத்தாக நிறுத்தினான். மூன்றைக் கீழே பரப்பினான். நுனிக்கு நுனி ஒரே அளவில் ஆறு நூல் கட்டினான். கீழ் நூல்கள் தொய்ந்தன. மூன்று கம்பியையும் கொஞ்சங் கொஞ்சமாக அகட்டி, ஆறு நூலையும் ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டே வந்தான்.

உருண்டையைப் பிடித்திருந்த இருசம்மாள், “ஒலை கொதிக்குது, வுடு” என்றாள்.

“செத்த இரு.”

ஆறு நூலும் விறைத்தன.

திங்கட்கிழமை ஜெயலட்சுமி ஆறையும் தனித்தனியே அளந்தார். வேறொரு கம்பி மேலே வரும்படி புரட்டி வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் அதே உரு. மேசைக்குப் போய், எழுதித் தர வேண்டிய தாளை எடுத்தார்.

“அப்பா பேரு சொல்லுங்க.”

“ராசாங்கம்ங்க” என்றவன், மை காயும்வரை நகரவில்லை.